ஆடுபுலி ஆட்டம் ஆப்: பார்வையற்றவரும் விளையாட என்ன செய்ய வேண்டும்?

திண்ணைப்புலி (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. வேலை முடிந்த பிறகு ராத்திரியில் உட்கார்ந்து ஆறேழு மாதமாக ஆடுபுலி ஆட்டத்தை ஆண்ட்ராய்டு ஆப்பாகச் செய்துகொண்டிருக்கிறேன். கேம் செய்ய உதவும் யூனிட்டி மென்பொருளில்தான். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி, கோயில் மண்டபத்துத் தரையில் வெட்டியிருப்பார்களே, அதே கட்டம். தெரிந்தவர்களுக்கு ஆடிப் பார்க்கக் கொடுத்தேன், அது எப்படியோ கைமாறிப் போய்விட்டது போல. போன வாரம் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து குரல் செய்தி. "தம்பி, எனக்குக் கண் தெரியாது. சின்ன வயதில் மணலில் ஆழமாகக் கோடு கீறி, புளியங்கொட்டையும் கல்லும் வைத்து ஆடியிருக்கிறேன், எங்கள் தெருவில் என்னை யாரும் சுலபமாக ஜெயிக்க முடியாது. உங்கள் ஆப்பைத் திறந்தால், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற டாக்பேக் வாயே திறக்கமாட்டேன் என்கிறது. ஏதாவது செய்ய முடியுமா?"

மூன்று தடவை கேட்டுவிட்டேன். என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. கூட வேலை செய்கிற நண்பன் "எத்தனை பேர் அப்படி விளையாடப் போகிறார்கள், விடுடா" என்கிறான். விட மனசில்லை. ஆனால் எங்கே தொடங்குவது? பார்வையற்றோருக்கென்று தனி மோட் ஒன்று செய்ய வேண்டுமா? நானே என் குரலில் பதிவு செய்து போட்டால் போதுமா?

விசைப்பலகை_வழி

எனக்கும் பார்வை இல்லை. கணினியில் திரையைப் படித்துச் சொல்ல என்விடிஏ, போனில் டாக்பேக், நிரல் எழுதுவது தொழில். அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் டாக்பேக் ஏன் பேசவில்லை என்றால், யூனிட்டி உங்கள் பலகை, காய், பொத்தான் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாகத் திரையில் வரைந்துவிடுகிறது. டாக்பேக்குக்கு அது வெறும் சுவர். எங்கே என்ன இருக்கிறது என்று நீங்கள் தனியாகச் சொல்லிக்கொடுத்தால்தான் அது பேசும். அதற்கான வசதி யூனிட்டி 2023.2-லிருந்து இருக்கிறது, பழைய பதிப்பில் இருந்தால் முதல் வேலை மேலேறுவது. உங்கள் குரலைப் பதிவு செய்யவே வேண்டாம். நாங்கள் கேட்கிற வேகத்தை நீங்கள் கேட்டால் ஏதோ வண்டு பறக்கிறது என்பீர்கள். என் வேகம், என் குரல், நான் ஏற்கெனவே வைத்திருக்கிறேன். நீங்கள் எழுத்தை மட்டும் கொடுங்கள்.

தனி மோட் வேண்டாம். தனி மோட் என்பது பந்தியில் தனி இலை மாதிரி. அடுத்த அப்டேட்டில் பிரதான ஆட்டம் மாறும், அது மட்டும் பழசாகவே கிடக்கும், பல ஆப்களில் பார்த்தாயிற்று. ஒரே ஆட்டம், அதுவே பேச வேண்டும்.

இப்போது உண்மையான சிக்கல். செஸ் என்றால் கட்டத்தின் பெயரை "இ4" என்று சொல்லிவிடலாம், உலகத்துக்கே புரியும். ஆடுபுலிப் பலகைக்கு அப்படி ஒரு பெயர் வழக்கம் இல்லை. "புள்ளி 17" என்றால் எனக்கு ஒன்றும் புரியாது. பலகையை யோசித்துப் பாருங்கள்: மேலே முக்கோணத்தின் ஒற்றை உச்சி, நடுவில் குறுக்குக்கோடு மூன்று, ஒவ்வொன்றிலும் ஆறு புள்ளி, கீழே நாலு. 1 + 18 + 4, கணக்கு சரியாக 23. ஆகவே "உச்சி", "முதல் கோடு 3", "இரண்டாம் கோடு 5", "அடி 2" என்று பெயர் வையுங்கள், ஒரு ஆட்டம் முடிவதற்குள் மனதில் பதிந்துவிடும். விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்த புள்ளி என்று 23-ஐயும் வரிசையாக ஓட விடாதீர்கள். கோட்டின் வழியே நகர விடுங்கள். முதல் கோடு 3-லிருந்து மேலே போனால் உச்சி, ஆனால் ஓரத்துப் புள்ளியான 1-லிருந்து மேலே போனால் "வழி இல்லை". பலகையின் வடிவம் இப்படித்தான் காதில் ஏறும். அந்தப் பெரியவர் மணலில் விரலால் தடவியது இதைத்தானே?

சொல்லும்போது காயை முதலில் சொல்லுங்கள், இடத்தை அப்புறம். "புலி, அடி 2". அவசரமாகத் தடவிப் போகிறவன் முதல் சொல்லிலேயே தாண்டிவிடுவான். "புலிகள் எங்கே?" என்று ஒரு பொத்தான். எத்தனை ஆடு கையில், எத்தனை வெட்டுப்பட்டது என்று இன்னொன்று. அப்புறம் நகர்வுக்கு நேரக்கெடு வைத்திருந்தால் அதை அணைக்க வழி கொடுங்கள். நீங்கள் ஒரு பார்வையில் பார்த்துவிடுகிற பலகையை நான் ஒவ்வொரு புள்ளியாகக் கேட்டு முடிக்க வேண்டும்.

இதெல்லாம் நடக்காத காரியம் என்று நினைக்காதீர்கள். 2020-ல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2 என்ற வீடியோ கேமில் 60-க்கும் மேற்பட்ட அணுகல் அமைப்புகள் இருந்தன, பார்வையற்றவர்கள் யார் துணையும் இல்லாமல் முடித்தார்கள். பிராண்டன் கோல் என்ற பார்வையற்ற ஆட்டக்காரரை ஆலோசகராக வைத்துக்கொண்டு செய்தார்கள், அவரே பிறகு 2023-ன் ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்டிலும் வேலை செய்தார். கண் தெரியாதவர் கார் பந்தயம் ஓட்டுகிற ஆட்டம் அது. உங்களுக்கு ஆலோசகர் தானாகவே குரல் செய்தி அனுப்பியிருக்கிறார், அவரிடம் கேளுங்கள்.

ஒத்தைக்கை

மேலே சொன்னது எல்லாம் சரி, கை விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ப்ரோ. பைக் விபத்துக்குப் பிறகு எனக்கு இடது கை தோளிலிருந்து வேலை செய்வதில்லை. உங்கள் ஆப்பை நான் பார்க்கவில்லை, ஆனால் காயை விரலால் இழுத்துக்கொண்டு போய் விடுகிற மாதிரிதான் செய்திருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். போனை மேஜையில் வைத்து ஒரு கையால் இழுத்தால் போனே நகர்கிறது. கை நடுங்குகிறவர்களுக்கு இன்னும் மோசம், பாதி வழியில் காய் நழுவி வேறு புள்ளியில் விழும், ஆட்டம் போச்சு. காயைத் தொடு, போக வேண்டிய இடத்தைத் தொடு, அவ்வளவுதான். இழுக்கிறவர்கள் இழுத்துக்கொள்ளட்டும், இதுவும் இருக்கட்டும். தொடுகிற பரப்பு குறைந்தது 48 டிபி (ஆண்ட்ராய்டில் திரை அளவுக்கான அலகு), ஆண்ட்ராய்டு சொல்கிற அளவே அதுதான், புள்ளி சின்னதாகத் தெரிந்தாலும் தொடும் இடம் பெரிதாக இருக்கலாம்.

பெரிய ஆட்டங்களில் எனக்குக் கோபம் வருவது ஒரே பொத்தானைப் படபடவென்று இருபது தடவை தட்டச் சொல்லும்போது. அதில் என்ன திறமை இருக்கிறது? அழுத்திப் பிடித்தால் போதும் என்று ஒரு தேர்வு கொடுத்தால் முடிந்தது. எந்தப் பொத்தான் எந்த வேலை என்று மாற்றிக்கொள்ள விட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

2018-ல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் விட்டார்களே, இரண்டு பெரிய பொத்தான், பின்னால் 3.5 மிமீ துளை 19. ஹெட்போன் சொருகுகிற அதே துளைதான். அப்போது விலை 100 டாலர், வெளிநாட்டிலிருந்த மச்சான் கொண்டுவந்தான். அதற்கென்று விற்கிற சுவிட்சுகள் தனி விலை. நான் பழைய ஹெட்போன் வயரை வெட்டி, காலிங்பெல் சுவிட்சில் சால்டர் வைத்துச் சொருகினேன், வேலை செய்கிறது. இப்போது இடது காலால் ரீலோட் செய்கிறேன், அம்மா "தையல் மெஷினா ஓட்டுகிறாய்" என்கிறார்.

கடுவன்77

யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆட்டம் என்றால் கஷ்டம் இருந்தால்தானே ஆட்டம்? எல்லாவற்றையும் வாயால் சொல்லி, நேரத்தையும் எடுத்துவிட்டு, இழுக்கவும் வேண்டாம் என்றால் என்ன மிச்சம்? ஆன்லைனில் எதிரே ஆடுகிறவனுக்கு நியாயமா? நான் 20 நொடியில் யோசிக்க வேண்டும், அவருக்கு மட்டும் எவ்வளவு நேரமும் உண்டா?

விசைப்பலகை_வழி

கேட்க வேண்டிய கேள்விதான். ஆன்லைனில் நேரத்தை இருவரும் சம்மதித்துக் கூட்டிக்கொள்ளலாம், நட்பாட்டத்தில் எடுத்தேவிடலாம். தரவரிசை ஆட்டத்தில் எல்லோருக்கும் 20-க்குப் பதில் 60 வைத்தால் ஆட்டம் செத்துவிடாது, திண்ணையில் யாரும் கடிகாரம் பார்த்து ஆடியதில்லை.

மற்றபடி, "இந்த ஆடு வெட்டுப்படப் போகிறது, ஜாக்கிரதை" என்று ஆப் எனக்குச் சொன்னால் அது துப்பு, எனக்கு வேண்டாம். "ஆடு, இரண்டாம் கோடு 4" என்று சொல்வது துப்பில்லை, நீங்கள் சும்மா கண்ணால் பார்க்கிறீர்களே, அதே தகவல். ஆடுபுலியில் கஷ்டம் புலியை நகர முடியாமல் கட்டுவதில் இருக்கிறது. காய் எங்கே என்று தேடுவதில் இல்லை. 2023-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை ஆட்டத்தில் எதிரி எவ்வளவு தூரம், அடி மேலா கீழா என்பதை ஒலியாகக் கேட்க அமைப்பு இருக்கிறது. போட்டி ஆட்டம்தான் அது, பார்வையற்றவர்கள் பார்வையுள்ளவர்களோடு மோதுகிறார்கள், தோற்கவும் செய்கிறார்கள்.

ஒத்தைக்கை

கடுவன், கஷ்டமான ஆட்டத்துக்குப் பேர்போன செலஸ்ட்டிலேயே (2018) அசிஸ்ட் மோட், அதாவது ஆட்டத்தைச் சுலபமாக்கும் அமைப்பு, உண்டு. வேகத்தைக் குறைக்கலாம், அடிபடாமல் இருக்கலாம், வேண்டாதவன் தொடாமல் போகலாம். அது தனியாள் ஆட்டம் என்பீர்கள், சரி. ஆனால் உங்கள் ஃபோர்ட்நைட் நண்பர்களைக் கேளுங்கள். காது கேளாதவர்களுக்காகக் காலடிச் சத்தத்தைத் திரையில் குறியாகக் காட்டுகிற அமைப்பு அதில் உண்டு, அதைக் காது நன்றாகக் கேட்கிற எத்தனை பேர் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள் என்று.

மஞ்சள்பச்சை

குறுக்கே வருகிறேன். புலி சிவப்பு, ஆடு பச்சையா? அப்படியென்றால் எனக்கு இரண்டும் ஒரே சேற்று நிறம். ஐரோப்பிய ஆண்களில் 12 பேரில் ஒருவருக்கு நிறக்குறை உண்டு என்பார்கள், நம் ஊரிலும் இருக்கிறோம், சொல்லிக்கொள்வதில்லை. நிறத்தை மாற்றினால் மட்டும் போதாது, வடிவத்தை மாற்றுங்கள். புலிக்குக் காதோ வரியோ, எதையாவது போடுங்கள். போனின் டெவலப்பர் அமைப்பில் திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்க்கலாம், அதில் ஆட முடிந்தால் பாஸ். அமாங் அஸ் என்ற ஆட்டத்தில் வயர் இணைக்கிற வேலை முதலில் நிறத்தை மட்டுமே நம்பியிருந்தது, நான் ஒவ்வொரு தடவையும் சந்தேகத்தில் வெளியேற்றப்பட்டேன். பிறகுதான் குறிகள் சேர்த்தார்கள்.

திண்ணைப்புலி

இரண்டு வாரம் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். பதில்களைப் படித்துவிட்டு யூனிட்டியை மாற்றினேன், மாற்றியதில் பாதி உடைந்தது, அது தனிக்கதை. ஆம், புலி சிவப்பு, ஆடு பச்சைதான். இப்போது புலிக்கு வரி இருக்கிறது. இழுக்கத்தான் வைத்திருந்தேன், பந்தயத்தில் ஒத்தைக்கைக்கே வெற்றி.

புள்ளிகளுக்கு உச்சி, கோடு, அடி என்று பெயர் வைத்து அந்த ஐயாவுக்கு அனுப்பினேன். நேற்று போனில் பேசிக்கொண்டே ஆடினோம். "முதல் கோடு" என்று டாக்பேக் ஒவ்வொரு தடவையும் முழுசாகச் சொல்வது அலுப்பாக இருக்கிறது, "மு3" என்று சுருக்கு என்றார். சுருக்கிப் பார்த்தால் "மூன்று" என்பதோடு குழம்புகிறது, இப்போதைக்கு மேல், நடு, கீழ் என்று வைத்திருக்கிறேன். நான் புலி, அவர் ஆடு. ஐந்து ஆட்டைத்தான் வெட்ட முடிந்தது, மூன்று புலியையும் கட்டிப்போட்டுவிட்டார்.

இன்னும் ஒன்று தீரவில்லை. கணினியோடு ஆடும்போது அது உடனே நகர்த்திவிடுகிறது, "புலி, உச்சியிலிருந்து மேல் 2" என்று டாக்பேக் தொடங்குவதற்குள் அவர் விரல் வேறு புள்ளியில் பட்டு, அந்தப் பேச்சு பாதியில் அறுந்துவிடுகிறது. புலி எங்கே போனது என்று அவருக்குத் தெரிவதே இல்லை. இதற்கு என்ன வழி?

விசைப்பலகை_வழி

பேச்சு அறுபடத்தான் செய்யும், அதோடு சண்டை போடாதீர்கள். "கடைசி நகர்வு" என்று ஒரு பொத்தானைத் திரையின் மூலையில், எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். மூலை என்றால் தேடாமல் விரல் போகும். கணினி நகர்த்தியதும் ஒரு சின்ன ஒலி, ஆட்டுக்கு ஒன்று, புலிக்கு ஒன்று, வெட்டுக்கு வேறு. ஒலி கேட்டதும் அவரே மூலையைத் தொட்டுக்கொள்வார்.

அப்புறம் அந்த ஆப்பின் சுட்டியை இங்கே போடுங்கள். ஐயாவோடு ஒரு கை பார்க்க வேண்டும்.