ஜேம்ஸ் டெய்லரின் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ (1976): இதிலிருந்தா தொடங்குவது?

ஊசிமுனை:
அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் டெய்லரை எங்கிருந்து கேட்பது என்று யார் கேட்டாலும் இந்த 12 பாட்டுத் தொகுப்பையே கைகாட்டுகிறீர்கள். முதல் இரண்டு பாட்டும் அசல் பதிவே இல்லை. ‘சம்திங் இன் த வே ஷி மூவ்ஸ்’, ‘கரோலினா இன் மை மைண்ட்’ இரண்டும் 1968இல் லண்டனில், பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஆப்பிள் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவானவை. அந்தப் பதிவுகளுக்கு உரிமை கிடைக்காததால், இந்தத் தொகுப்பை வெளியிட்ட வார்னர் நிறுவனம் அவரை 1976இல் அவற்றைத் திரும்பப் பாடவைத்தது. கடைசிப் பாட்டு ‘ஸ்டீம்ரோலர்’ மேடைப் பதிவு. கால்வாசி மாற்றுச் சரக்கு!

மாலைராகம்:
மாற்றுச் சரக்குதான், மட்டச் சரக்கு இல்லை. ‘கரோலினா’ ஊர் ஏக்கப் பாட்டு. 20 வயதில் பாடியதைவிட 28இல் நிதானமாகப் பாடியதில்தான் அந்த ஏக்கம் உட்கார்ந்திருக்கிறது. ‘ஸ்டீம்ரோலர்’ ப்ளூஸ் இசைப் பாடகர்களின் வீறாப்பைக் கிண்டல் செய்யும் பாட்டு. கிண்டலுக்குக் கூட்டம் வேண்டாமா?

ஊசிமுனை:
1968 ‘கரோலினா’வில் பேஸ் கிட்டார் வாசித்தவர் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி. பின்குரலில் அதே குழுவின் ஜார்ஜ் ஹாரிசன். ‘சம்திங் இன் த வே ஷி மூவ்ஸ்’ பாட்டின் முதல் வரியை எடுத்துத்தான் ஹாரிசன் தன் ‘சம்திங்’ பாட்டையே தொடங்கினார். அவர் காதில் விழுந்த பாட்டு புது ரசிகருக்குக் கிடைக்க வேண்டாமா?

மாலைராகம்:
அது பீட்டில்ஸ் ரசிகரின் கவலை. நாம் பேசுவது டெய்லரைப் பற்றி.

தெற்குத்தெரு:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். தானே எழுதிப் பாடுகிறவர் என்று பெயரெடுத்தவரின் தொகுப்பில், அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ‘யூவ் காட் எ ஃபிரெண்ட்’ கரோல் கிங் எழுதியது. ‘ஹவ் ஸ்வீட் இட் இஸ்’ மார்வின் கேய் முன்பே பாடியது. இது யாருக்கும் உறுத்தவில்லையா? இன்னொன்று, 1977இல் டெய்லர் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்கு மாறியபின் வந்த ‘ஹேண்டி மேன்’, ‘யுவர் ஸ்மைலிங் ஃபேஸ்’ இதில் இருக்கவே வழியில்லை. தொகுப்பு கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டது.

மாலைராகம்:
‘ஹேண்டி மேன்’ மட்டும் அவர் எழுதியதா? அமெரிக்காவின் பில்போர்ட் இசைத்தட்டுப் பட்டியலில் 23ஆம் இடத்தைத் தாண்டாத இந்தத் தட்டு அமெரிக்காவில் மட்டும் 1 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. வாங்கியவர்கள் முதல் இரண்டு பாட்டைத் தவிர்த்துவிட்டா கேட்டார்கள்?

ஊசிமுனை:
விற்பனையை வைத்துப் பாட்டை அளக்க வேண்டாம். நான் ‘ஃபயர் அண்ட் ரெயின்’ வரும்போதுதான் ஊசியை வைக்கிறேன்.

மாலைராகம்:
சரி. ‘ஸ்டீம்ரோலர்’ வருவதற்குள் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.