தம்பிக்குக் குடலிறக்கம்: குடும்பக் குழுவில் பேசியது

மீனா: தம்பி அழும்போது வலது தொடை இடுக்கில் வீங்குகிறது என்றேனே, இன்று காட்டினோம். குடலிறக்கமாம். ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். இன்னும் நாலு மாதம்கூட ஆகவில்லை 😢

திருமங்கலம் சித்தப்பா: பச்சைப் பிள்ளைக்கா? பாரம் தூக்குகிறவர்களுக்குத்தானே குடல் இறங்கும்?

அப்பத்தா (டைப் செய்வது கார்த்தி): பிள்ளையை அழவிட்டிருப்பாள். அழுது அழுது இறங்கியிருக்கும்.

உமா: மதினியைத் திட்டாதே அப்பத்தா. இது அவன் தாய் வயிற்றில் இருக்கும்போதே உண்டான வழி. அழும்போது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

உமா: வயிற்றுச் சுவரின் உள்பக்கம் முழுக்க ஒரு மெல்லிய சவ்வு உண்டு, பெரிட்டோனியம் என்போம். அதுவே மடிந்து குடலையும் போர்த்தியிருக்கும். நடுவில் கொஞ்சம் ஈரம், அதனால்தான் குடல் உரசாமல் வழுக்கிப் போகிறது.

உமா: ஆண் பிள்ளைக்கு விதை முதலில் உருவாவது இந்தச் சவ்வுக்குப் பின்னால், சிறுநீரகத்துக்குக் கிட்டே. ஏழாம் மாத வாக்கில் இடுக்கு வழியாகக் கீழே இறங்கும். சவ்வும் ஒரு பையாகக் கூடவே நீண்டு போகும். பிறக்கும் சமயத்தில் அந்தப் பையின் கழுத்து மூடிக்கொள்ள வேண்டும். தம்பிக்கு மூடவில்லை.

கார்த்தி: அப்பத்தா சுருக்குப்பையில் கயிற்றை இழுக்காமல் விட்ட மாதிரியா?

உமா: அதேதான் 😄 வழி சின்னதாக இருந்தால் நீர் மட்டும் இறங்கும்; அது பெரும்பாலும் ஒன்றிரண்டு வயதுக்குள் சரியாகிவிடும். குடலே நுழைகிற அளவு என்றால் தானாக மூடும் என்று காத்திருக்கக் கூடாது.

மீனா: ஏன் வலது பக்கம் மட்டும்?

உமா: வலது விதை இறங்குவதும் தாமதம், பை மூடுவதும் தாமதம். குறைமாதப் பிள்ளைகளுக்கு இது இன்னும் அதிகம். தம்பியும் எட்டாம் மாதமே வந்தவன்தானே.

செல்லூர் அத்தை: என் மகளுக்குத் தொப்புள் பிதுங்கியிருந்தது. காசு வைத்துக் கட்டினோம், சரியாகிவிட்டது. இதற்கும் கட்டிப் பாருங்கள்.

உமா: அது வேறு அத்தை. தொப்புள் வளையம் பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானே மூடிவிடும், காசுக்கு அதில் வேலையே இல்லை. இங்கே எதையும் கட்டாதீர்கள்.

திருமங்கலம் சித்தப்பா: என் குடலிறக்க ஆபரேஷனில் உள்ளே வலை வைத்துத் தைத்தார்களே?

உமா: உங்களுக்குத் தசைச்சுவர் தளர்ந்துவிட்டது சித்தப்பா. தம்பிக்குச் சுவர் நன்றாக இருக்கிறது, பையின் கழுத்தைக் கட்டினால் போதும்.

உமா: மதினி, வீக்கம் கெட்டியாகி உள்ளே போகாமல் நின்றாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, நடுராத்திரி ஆனாலும் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். குடல் சிக்கியிருக்கும்.

மீனா: சரி உமா. வியாழக்கிழமை மயக்க மருந்து டாக்டரைப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்பத்தா (டைப் செய்வது கார்த்தி): நானும் வருவேன். ஆட்டோவை வாசலுக்கே வரச் சொல்.