அப்பா அம்மாவை டிசம்பரில் டொரண்டோவுக்கு அழைக்கலாமா, மே மாதத்துக்குத் தள்ளலாமா?

கிங்ஸ்டன்ரோடு: திருச்சியிலிருந்து அப்பா (69), அம்மா (64) டிசம்பர் நடுவில் வந்து பிப்ரவரி கடைசி வரை மகன் வீட்டில் தங்குவதாகத் திட்டம். அப்பா இன்சுலின் போடுகிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி. பேரப்பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை என்பதால்தான் இந்தத் தேதி. சூப்பர் விசா (கனடாவில் இருக்கும் பிள்ளைகளோடு பெற்றோர் நீண்டநாள் தங்க அந்நாடு தரும் விசா) கைக்கு வந்துவிட்டது, டிக்கெட் போடவில்லை. என்ன சொல்கிறீர்கள்?

வடகாற்று: தள்ளிவிடுங்கள். ஜனவரி இரவில் சராசரியாக மைனஸ் 7 டிகிரி இருக்கும், அதை நல்ல கோட்டு தாங்கிவிடும். வழுக்கலுக்குத்தான் பயப்பட வேண்டும். பகலில் உருகிய பனி சாயங்காலம் மறுபடி உறைந்து, வாசல்படியிலும் டிரைவ்வேயிலும் கண்ணுக்கே தெரியாமல் படிந்திருக்கும். முழங்கால் பலவீனமானவர் அதில் விழுந்தால் இடுப்பெலும்போ மணிக்கட்டோ போய்விடும். இன்னொன்று, டிசம்பர் கடைசியில் சூரியன் காலை 7.50 வாக்கில் உதித்து மாலை 4.45 வாக்கில் மறைந்துவிடும். பிள்ளைகள் வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. காரோட்டத் தெரியாத இரண்டு பேர் நாள் முழுக்க நான்கு சுவருக்குள் என்ன செய்வார்கள்? மே என்றால் தாங்களே பூங்காவுக்கு நடப்பார்கள், கொல்லையில் தக்காளி நடுவார்கள்.

பொங்கல்பானை: என்னால் ஏற்க முடியவில்லை நண்பரே. படியைப் பனியில்லாமல் வைத்திருப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. பனி விழுந்ததுமே தள்ளிவிட்டு உப்பு தூவ வேண்டும், மிதித்து இறுகிய பிறகு அல்ல. சாதாரணக் கல்லுப்பு மைனஸ் 10க்குக் கீழே பெரிதாக வேலை செய்யாது. அந்த நாட்களுக்குக் கால்சியம் குளோரைடு கலந்த மூட்டை ஒன்று தனியாக இருக்கட்டும். பூட்ஸுக்கு அடியில் மாட்டும் முள்பட்டை வாங்குங்கள். ஆனால் வீட்டுக்குள்ளோ கடைக்குள்ளோ நுழைந்ததும் அதைக் கழற்றியாக வேண்டும். டைல்ஸ் தரையில் அது பனியைவிட மோசமாக வழுக்கும்.

உடுப்பில் முதல் அடுக்கு பருத்தியாக இருக்கவே கூடாது. வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைச் சில்லிட வைக்கும். பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளித் தெர்மல் (உடம்பை ஒட்டிய கதகதப்பான உள்ளாடை), மேலே ஃப்ளீஸ் (மெத்தென்ற கதகதப்புச் சட்டை), அதற்கு மேல் காற்று புகாத கோட்டு. சேலை கட்டுகிறவர்கள் உள்ளே தெர்மல் லெக்கிங்ஸ் போட்டு, கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்ட வேண்டும். வழக்கம்போல் தழையக் கட்டினால் கரை உப்புச் சேற்றில் நனைந்து, பூட்ஸில் சிக்கித் தடுக்கும். கோட்டைத் திருச்சியில் வாங்க வேண்டாம். விமான நிலையத்துக்கு அழைக்கப் போகிறவர் இரண்டு கோட்டு, இரண்டு குல்லா எடுத்துப் போனால் போதும்.

நான்கு சுவர் என்கிறீர்கள், ஜனவரியில்தான் இங்கே பொங்கல் விழாக்கள். கனடா நாடாளுமன்றம் 2016இல் அந்த மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. கோவிலுக்குப் போகும்போது பையில் மாற்றுக் காலுறை ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். செருப்பு விடும் இடத்தில் உருகிய பனி தேங்கி நிற்கும். ஈரக் காலுறையோடு பிரகாரம் சுற்றினால் வழுக்கவும் செய்யும், கால் விறைக்கவும் செய்யும்.

வடகாற்று: முள்பட்டையை மாட்ட இரண்டு கையாலும் ரப்பரை இழுத்துக் குனிய வேண்டும். முழங்கால் வலிக்காரர் அதை ஒவ்வொரு வாசலிலும் கழற்றி மாட்டுவாரா? கதவோரம் ஒரு பெஞ்சும் பக்கத்தில் ஒரு ஆளும் இருந்தால்தான் நடக்கும். விழாக்கள் சனி ஞாயிறில். மற்ற ஐந்து நாட்கள்? கிறிஸ்துமஸ் விடுமுறை இரண்டே வாரம், கோடை விடுமுறை இரண்டு மாதம். பேரப்பிள்ளைகளுக்காக என்றால் கணக்கு ஜூலையைத்தான் காட்டுகிறது.

மருந்துச்சீட்டு: தேதியை நீங்கள் முடிவு செய்யுங்கள், எனக்குக் கவலை இன்சுலின்தான். செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. ஒரு முறை உறைந்து உருகிய இன்சுலின் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் பயன்படாது. கைப்பையில், மருத்துவர் கடிதத்தோடு. வெளியே போகும்போது இன்சுலின் ஊசிப் பேனாவைக் கோட்டின் வெளிப் பையில் வைக்காமல், உடம்பை ஒட்டிய உள் பையில் வையுங்கள். காரில் விட்டுப் போகாதீர்கள். குளுக்கோமீட்டரும் 10 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் பிழை காட்டும்.

மேற்கே வரும்போது அந்த ஒரு நாள் பத்தரை மணி நேரம் நீளும். நீண்டநேர இன்சுலினை எந்த ஊர் நேரப்படி போடுவது என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். சர்க்கரையால் பாதம் மரத்தவர்களுக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. வெந்நீர்ப் பை, மின்சார ஒத்தடம், ஹீட்டர் வாயில் காலை வைப்பது எல்லாமே கொப்புளத்தில் முடியும். தினமும் இரவில் இன்னொருவர் பாதத்தைப் பார்த்தாக வேண்டும். ஃப்ளூ ஊசி கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பாவது. ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டு மூக்கில் ரத்தம் வரும். ஈரப்பதமூட்டியை 30 முதல் 40 சதவீதத்தில் வையுங்கள், ஜன்னலில் தண்ணீர் வழிந்தால் குறையுங்கள்.

பாலிசிமேசை: இரண்டு தரப்பும் தொடாத விஷயம் ஒன்று. சூப்பர் விசாவுக்குக் குறைந்தது ஓராண்டுக்கு, 1 லட்சம் கனடா டாலர் மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாலிசியில் "நிலையான உடல்நிலை" என்ற விதி இருக்கும். பழைய நோய் 90 அல்லது 180 நாட்கள் மாற்றமில்லாமல் இருந்தால்தான் அதற்குப் பணம் தருவார்கள். நவம்பரில் ஊர் மருத்துவர் ரத்த அழுத்த மாத்திரையை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கினாலும் அது மாற்றம்தான். குளிரில் ரத்த அழுத்தம் ஏறும் என்பதால் இங்கே இது வெறும் காகித விஷயமில்லை. அளவு மாறியிருந்தால் பயணத்தைத் தள்ளுங்கள், அல்லது விதி தளர்வான பாலிசியைக் கூடுதல் பணம் கட்டி எடுங்கள். முன்னதாகத் திரும்பினால், கிளெய்ம் எதுவும் இல்லாதபட்சத்தில் பல நிறுவனங்கள் மீதி மாதங்களுக்குப் பணம் திருப்பித் தரும். அந்த நிபந்தனையை எழுத்தில் பாருங்கள்.

டிக்கெட்மேசை: டிசம்பரிலேயே வருவதென்றால் டெல்லி வழி வேண்டாம். டிசம்பர் கடைசி, ஜனவரியில் அங்கே மூடுபனியால் விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். திருச்சியிலிருந்து டொரண்டோ வரை ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். மாறும் இடத்தில் மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். சக்கர நாற்காலியை 48 மணி நேரம் முன்பே பதிந்துவிடுங்கள், முழங்காலுக்கு அது அவசியம்.

பொங்கல்பானை: வடகாற்று சொன்ன பெஞ்சு சரியான யோசனை, கதவோரம் கைப்பிடியும் சேர்த்துப் போடலாம். ஆனால் குளிர்காலமே கூடாது என்பதை இப்போதும் ஏற்கவில்லை. ஜனவரியில் மகளுக்குப் பிரசவம் என்றால் எந்த அம்மா ஜூலை வரை காத்திருப்பார்?

வடகாற்று: பிரசவம் என்றால் வாதமே இல்லை, வரட்டும். இங்கே கேள்வி விடுமுறை பற்றியது. குளிர்காலம்தான் வேண்டுமென்றால் அக்டோபர் கடைசியில் வரவழையுங்கள். குளிர் படிப்படியாகத்தான் கூடும். பனி விழுவதற்குள் பூட்ஸில் நடந்து பழகி, பஸ் நிறுத்தமும் கடையும் தெரிந்துவிடும். 30 டிகிரியில் விமானம் ஏறி, மைனஸ் 15இல் நள்ளிரவு பனித்தரையில் முதல் அடி வைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.