இடப்பக்கம் திரும்பினால் சுழலுது, பிரேக் பிடித்தாலும் வால் முன்னே வருது: 1/10 ரிமோட் எஃப்1 கார், டி-பார் சேசி

தோட்டத்து டயர் (பந்திங், மலேசியா)

அண்ணன்மார்களுக்கு வணக்கம். கார் 1/10 அளவு ரிமோட் எஃப்1, பின்சக்கர ஓட்டம், டி-பார் சேசி (முன் சேசியையும் பின்பக்கத்தையும் இணைக்கும் டி வடிவ வளையும் தகடு), பால் டிஃப் (பல்லுக்குப் பதில் குண்டுகள் வைத்த டிஃபரென்ஷியல்). ஓட்டும் இடம் பாசார் மாலாம் (இரவுச் சந்தை) போடும் கார்பார்க். பழைய தார், நடுவில் இரண்டு மேடு, பக்கத்து ரோட்டில் செம்பனை லோரி போய் வருவதால் எப்போதும் செம்மண் தூசி.

மோட்டார் 21.5 டி (சுருள் சுற்று எண்ணிக்கை) சென்சார் பிரஷ்லெஸ், ஈஎஸ்சி (வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி) பிளிங்கி மோட், அதாவது எலக்ட்ரானிக் டைமிங் கூட்டாமல். பேட்டரி 2எஸ் (இரண்டு செல்) லிப்போ 4000 எம்ஏஎச். ஸ்பர் (பின்அச்சின் பெரிய கியர்) 93 பல், பினியன் (மோட்டாரின் சின்ன கியர்) 30 பல், இரண்டும் 0.4 மாட்யூல் (பல் அளவு). ரப்பர் டயர், பின்டயர் விட்டம் 62 மி.மீ. தரையிலிருந்து உயரம் முன்னும் பின்னும் 4 மி.மீ. முன் கேம்பர் (சக்கரச் சாய்வு) நெகட்டிவ் 1.5 டிகிரி.

மூன்று பிரச்சினை.

1. வலப்பக்கம் அழகாகத் திரும்புது. இடப்பக்கம் திரும்பி, பாதி வளைவில் த்ராட்டில் கொடுத்தால் சுழன்று நிற்குது.
2. நேர்ப்பாதை முடிவில் பிரேக் தொட்டால் பின்பக்கம் முன்னால் வருது.
3. ஆறு நிமிடம் ஓட்டி நிறுத்தினால் மோட்டார் 98 டிகிரி காட்டுது.

கார்பன் டி-பாரும் அலுமினிய மோட்டார் பாட்-உம் (மோட்டாரும் பின்அச்சும் உட்காரும் கூடு) வாங்கலாமா என்று யோசிக்கிறேன். எது முதலில்?

---

வெயில்மணி

இரண்டும் வேண்டாம். பின்னால் சாஃப்ட் டயர், முன்னால் மீடியம் போடு. எஃப்1 சுழலுதுன்னா முக்காவாசி டயர்தான்.

---

கிங்பின்

மணி அண்ணே, டயர் சரியில்லை என்றால் இரண்டு பக்கமும் சுழலணும். ஒரு பக்கம் மட்டும் என்றால் அது ட்வீக். சேசி முறுக்கிக்கொண்டு நிற்குது. டயருக்கு காசு போடும் முன் இதைப் பார் தம்பி, செலவில்லை.

மேல் பாடியைக் கழற்று. பேட்டரி, வயர் எல்லாம் ஓடும்போது இருப்பது போலவே இருக்கட்டும். தட்டையான தளம் வேண்டும். சமையலறை கிரானைட் மேடை போதும், இல்லாவிட்டால் தடிமனான கண்ணாடி. முதலில் வெர்னியர் வைத்து இடது வலது டயர் விட்டத்தை அள. அரை மில்லி வித்தியாசம் இருந்தாலே மற்ற அளவெல்லாம் பொய்யாகிவிடும்.

அப்புறம் காரின் மூக்குக்கு அடியில், சரியாக நடுக்கோட்டில், கத்தி முனையை வைத்து மெல்லத் தூக்கு. இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் தரையை விடணும். நீ சொல்வதை வைத்துப் பார்த்தால் வலது முன்சக்கரம் முதலில் எழும்பும், இடது பின்தங்கும். இடது முன்சக்கரம் கடைசியில் எழும்பினால், அதற்குக் குறுக்கே இருக்கும் வலது பின்சக்கரத்திலும் பாரம் அதிகம் என்று அர்த்தம். இடப்பக்கம் திரும்பும்போது எடை எப்படியும் வலது பக்கம் சாயும். ஏற்கெனவே பாரம் ஏறிய வலது பின்சக்கரம் மேலும் அழுந்தும், இடது பின்சக்கரம் பூப்போல இருக்கும். த்ராட்டில் கொடுத்ததும் லேசான சக்கரம் வழுக்கும், அதோடு பின்பக்கத்தின் மொத்தப் பிடிப்பும் போகும். வலப்பக்கம் திரும்பும்போது இதே முறுக்கு உனக்கு உதவி செய்யுது. அதனால்தான் அந்தப் பக்கம் "அழகா" இருக்கு.

சரி செய்ய: டி-பாரைப் பிடிக்கும் எல்லா ஸ்க்ரூவையும் அரைச் சுற்று தளர்த்து. காரை கிரானைட்டில் வைத்து முன்னும் பின்னும் லேசாக அழுத்தி விடு, தானாக உட்காரட்டும். பிறகு ஸ்க்ரூவைக் குறுக்கும் மறுக்குமாக, ஒவ்வொன்றும் கால் சுற்று கால் சுற்றாக முடுக்கு. ஒரு பக்கத்தை முழுசா முடுக்கிவிட்டு அடுத்த பக்கம் போனால் முடுக்கும்போதே பார் முறுக்கும். மறுபடி கத்தி முனைச் சோதனை.

இன்னும் சாய்வு இருந்தால் டி-பாரைக் கழற்றிக் கண்ணாடி மேல் வை. மூலையில் விரல் வைத்து ஆட்டினால் டக் டக் என்று தட்டினால் வளைந்துவிட்டது. ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றி முடி போல வெள்ளைக் கோடு தெரிந்தால் விரிசல், அதைத் தூக்கிப் போடு.

கார்பன் டி-பார் மேடு பள்ளமான தாருக்கு வேண்டவே வேண்டாம். விறைப்பு கூடினால் மேட்டில் பின்சக்கரம் துள்ளும். ஃபைபர்கிளாஸ் பாரே போதும்.

---

சோல்டர் கம்பி

கிங்பின் சொன்னதோடு ஒன்று சேர்த்துப் பார்: மோட்டார் வயர். 13 கேஜ் வயரை ஈஎஸ்சியிலிருந்து மோட்டாருக்கு இழுத்துப் பிடித்த மாதிரி சோல்டர் வைத்தால், மூன்று வயரும் சேர்ந்து ஒரு ஸ்பிரிங் மாதிரி மோட்டார் பாட்-ஐ ஒரு பக்கம் இழுக்கும். காரைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்-ஐ இடப்பக்கம் சாய்த்து விடு, வலப்பக்கம் சாய்த்து விடு. இரண்டு தடவையும் ஒரே இடத்தில் வந்து நிற்கணும். நிற்காவிட்டால் வயரைக் கழற்றிவிட்டு அதே சோதனையைச் செய். இப்போது சரியாக நின்றால் குற்றவாளி வயர்தான். மெல்லிய சிலிகான் உறை வயர் வாங்கி, நடுவில் ஒரு வளைவு தொங்கும்படி நீளம் விட்டு சோல்டர் வை. பேட்டரியை இழுத்துக் கட்டும் டேப்பும் இதே வேலை செய்யும், அதையும் பார்.

இனி பிரேக். செப்பாங்கில் 1999 முதல் 2017 வரை ஓடிய நிஜ எஃப்1-க்கு நாலு சக்கரத்திலும் பிரேக். நம்ம காருக்கு மோட்டார்தான் பிரேக், அதுவும் பின்சக்கரத்துக்கு மட்டும். பிரேக் பிடித்ததும் எடை முன்னால் போகும், பின்டயர் லேசாகும், அந்த நேரத்தில் பூட்டினால் வால் முன்னே வரும். ரேடியோவில் (கையிலிருக்கும் ரிமோட்) பிரேக் பக்க ஈபிஏ (அதிகபட்ச அளவின் வரம்பு) 100 இருந்தால் 60-க்கு இறக்கு. ஈஎஸ்சியில் டிராக் பிரேக் (த்ராட்டிலை விட்டதும் தானாகப் பிடிக்கும் பிரேக்) 0. ஓட்டிப் பார்த்து, நேராக நிற்கிறது என்று தெரிந்தபின் ஐந்து ஐந்தாகக் கூட்டு.

மோட்டார் சூட்டுக்கு கணக்கு போடு. இந்தச் சேசியில் உள் கியர் கிடையாது, ஸ்பரைப் பினியனால் வகுத்தால் அதுதான் விகிதம். 93 வகுத்தல் 30 என்றால் 3.1. டயர் சுற்றளவு 62 பெருக்கல் 3.1416, அதாவது 194.8 மி.மீ. அதை 3.1-ஆல் வகுத்தால் மோட்டார் ஒரு சுற்றுக்கு கார் 62.8 மி.மீ. போகிறது. நீளமான பாதைக்கு இது சரி. கார்பார்க்கில் நாலு கொண்டை ஊசி வளைவு வைத்து ஓட்டினால் மோட்டார் ஒவ்வொரு தடவையும் நின்ற நிலையிலிருந்து இழுக்கணும், அதுதான் கொதிக்குது. 26 பினியன் போடு: விகிதம் 3.58, ஒரு சுற்றுக்கு 54.5 மி.மீ. நாலு நிமிடம் ஓட்டி, நிறுத்திய உடனே மோட்டார் உடம்பில் சூடு அள. 70-க்குக் கீழே இருந்தால் ஒரு பல் கூட்டு. 80-ஐ நெருங்கினால் அங்கேயே நிறுத்து. நமக்கு வெளியே காற்றே 33 டிகிரி, அதனால் குளிர் நாட்டுக்காரர்கள் போடும் கியரை அப்படியே எடுக்காதே. 98 வரை தினமும் போனால் ரோட்டர் காந்தம் வலுவிழக்கும். அப்புறம் அதே வேகத்துக்கு இன்னும் சூடாகும், அந்த வட்டம் நிற்காது.

மோட்டார் பின்மூடியில் டைமிங் (சுருளுக்கு மின்சாரம் மாறும் நேரம்) முன்னால் தள்ளியிருந்தாலும் சூடேறும். பினியன் மாற்றும்போது டைமிங்கைத் தொடாதே. இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

---

வெயில்மணி

சரி, ட்வீக் முதலில், ஒப்புக்கொள்கிறேன். டயர் விஷயத்தில் ஒரு திருத்தம் சொல்லணும். மதியம் ஒன்று, இரண்டு மணிக்குத் தாரில் கை வைக்க முடியாது. அப்போ சாஃப்ட் டயர் இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும், பிறகு மேல்தோல் கொழகொழ என்று வழுக்கும். அந்த நேரத்துக்கு மீடியமே பின்னால் போதும். நாலரைக்கு மேல் நிழல் விழுந்தால்தான் சாஃப்டுக்கு வேலை.

முன்டயரின் வெளிப்பக்கச் சுவரில் சூப்பர் குளூ மெல்லிசாக ஒரு பூச்சு கொடு, தரையைத் தொடும் பகுதிக்கு 2 மி.மீ. முன்பே நிறுத்து. முன்பக்கம் திடீரென்று கடித்து வாலை வீசுவது குறையும்.

ஸ்பாஞ்ச் டயர் ஆசை வந்தால் அந்த கார்பார்க்கில் வேண்டாம். சின்னக் கல் குத்தித் துண்டு துண்டாகப் பிய்யும். அதோடு விட்டம் தேய்ந்துகொண்டே போகும், இரண்டு மில்லி தேய்ந்தாலே பினியனில் ஒரு பல் கூட்ட வேண்டி வரும்.

---

தோட்டத்து டயர்

கத்தி முனைச் சோதனை செய்தேன் அண்ணே. இடது முன்சக்கரம் கிட்டத்தட்ட 2 மி.மீ. பின்தங்கித்தான் எழும்புது, கிங்பின் அண்ணன் சொன்னபடியே. டி-பார் முன் ஓட்டையில் வெள்ளைக் கோடு இருக்கு. வயரும் விறைப்புதான். பிரேக் 60 வைத்ததும் நேராக நிற்குது. டி-பார் 40 வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கும் போல, வாங்கிவிடுகிறேன்.

வயரைத் தளர்த்திவிட்டு ஓட்டும்போது இன்னொன்று கவனித்தேன். வளைவிலிருந்து கிளம்பும்போது பின்னாலிருந்து "கீச்" என்று ஒரு சத்தம். கியர் மெஷ் (இரண்டு கியர் பல்லும் பொருந்தும் இடைவெளி) பிரச்சினையா? காரின் முன்பக்கத்தை அழுத்தி விட்டால் சோம்பலாக மேலே வருது, இது எதனால்?

---

கிங்பின்

கீச் சத்தம் டிஃப் வழுக்குவது. மெஷ் தவறு என்றால் சத்தம் ஓடும் நேரமெல்லாம் வரும், கிளம்பும்போது மட்டும் வராது. சோதனை: இரண்டு பின்டயரையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் ஸ்பரைச் சுற்றப் பார். அசையக் கூடாது. அசைந்தால் நட்டை எட்டில் ஒரு சுற்று முடுக்கி மறுபடி பார்.

ஏற்கெனவே வழுக்கிய டிஃபை வெறுமனே முடுக்கினால் போதாது, உள்ளே தட்டு எரிந்திருக்கும். பிரி. இரண்டு தட்டு வளையத்தையும் எடுத்துப் பார், குண்டுகள் ஓடிய இடத்தில் ஒரு பள்ளக் கோடு தெரியும். மறுபக்கம் நன்றாக இருந்தால் திருப்பிப் போடு. இல்லையென்றால் 800 கிரிட் உப்புக் காகிதத்தைக் கண்ணாடி மேல் வைத்து, தட்டை விரலால் அழுத்தி எட்டு வடிவத்தில் தேய், பளபளப்பு போய் ஒரே மாதிரி மங்கலாகும் வரை. ஐசோபுரோப்பில் ஆல்கஹால் வைத்து எல்லாவற்றையும் துடை. குண்டுகளுக்குச் சிலிகான் டிஃப் கிரீஸ், ஊசி முனை அளவு போதும். த்ரஸ்ட் பேரிங்குக்கு (முடுக்கும் அழுத்தத்தைத் தாங்கும் பேரிங்) வேறு கிரீஸ், தேய்மானம் தடுக்கும் கறுப்பு வகை. இரண்டையும் மாற்றிப் போடுபவர்கள் அதிகம். டிஃப் மொழுமொழு என்று சுற்றும், ஆனால் எவ்வளவு முடுக்கினாலும் வழுக்கும் என்றால் காரணம் அதுதான். மாட்டியபின் ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லிய த்ராட்டிலில் அரை நிமிடம் ஓட்டு, அடுத்த சக்கரத்துக்கும் அப்படியே. பிறகு மறுபடி கட்டைவிரல் சோதனை, கொஞ்சம் தளர்ந்திருக்கும், முடுக்கிவிடு.

ரொம்ப முடுக்கவும் கூடாது. ஒரு சக்கரத்தைச் சுற்றினால் மறுசக்கரம் எதிர்ப்பக்கம் கரகரப்பில்லாமல் சுற்றணும். இறுகிய டிஃபில் கார் வளைவுக்குள் நுழையவே அடம் பிடிக்கும்.

முன்சக்கரம் சோம்பலாக வருவது உன் செம்மண் தூசிதான். கிங்பின்னில் (என் பெயர் இல்லை, முன்சக்கரம் திரும்பவும் மேலும் கீழும் நகரவும் உதவும் தண்டு) கெட்டி சிலிகான் எண்ணெய் போட்டிருப்பாய். அதில் தூசி ஒட்டி மருதாணி அரைத்த மாதிரி ஆகியிருக்கும். கிங்பின்னை உருவி, துணியில் துடைத்தால் சிவப்பாக வரும் பார். ஸ்பிரிங்கையும் முன் சஸ்பென்ஷன் மேல்கையின் குண்டு மூட்டையும் துடைத்துவிட்டு ஒரே ஒரு துளி போடு. அந்த இடத்தில் ஓட்டினால் ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்கும் பிறகு இதைச் செய்யணும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டால் அதுவும் ட்வீக் மாதிரியே நடிக்கும்.

உயரம் 4 அந்த மேட்டுக்குக் குறைவு. சேசி அடியில் கீறல் இருக்கும், திருப்பிப் பார். முன்னும் பின்னும் 5 வை. பின்பக்கத்தை மட்டும் தூக்காதே, இன்னும் சுழலும்.

---

சோல்டர் கம்பி

டிஃப் பிரிக்கும்போது ஸ்க்ரூ தலை கவனம். ஜப்பான் கிட் என்றால் அதில் இருப்பது ஜிஸ் (ஜப்பான் தர அளவு) வகைத் தலை. ஹார்ட்வேர் கடை பிளஸ் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுசாக உட்காராது, இரண்டு தடவையில் தலை மொழுக்கையாகும். ஸ்க்ரூ லாக் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) நீல நிறம் போதும். அதுவும் உலோகத்துக்குள் உலோகம் போகும் இடத்தில் மட்டும். பிளாஸ்டிக்கில் பட்டால் அந்த இடம் நொறுங்கும்.

26 பினியன் மாட்டும்போது அதன் சின்ன ஸ்க்ரூ மோட்டார் தண்டின் தட்டையான பக்கத்தில் உட்காரணும். மெஷுக்கு இரண்டு பல்லுக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டை வைத்து மோட்டாரைத் தள்ளி முடுக்கு, பிறகு காகிதத்தைச் சுற்றி எடு. ஸ்பரை நாலு இடத்தில் திருப்பி, ஒவ்வொரு இடத்திலும் துளி ஆட்டம் இருக்கான்னு பார். ஸ்பர் முழு வட்டமாக இருக்காது, ஒரு இடத்தில் சரியாக இருப்பது இன்னொரு இடத்தில் இறுகும்.

பேட்டரி 4000 என்றால் 4 ஆம்பியரில் 8.4 வோல்ட் வரை சார்ஜ். ஓட்டம் இல்லாத வாரத்தில் 7.6-இல் வை. வெயிலில் நிற்கும் காருக்குள் பையோடு விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதே, லிப்போ உப்பிவிடும்.

---

வெயில்மணி

பாசார் மாலாம் நடந்த மறுநாள் ஓட்டுவதென்றால் முதலில் துடைப்பம் போடு தம்பி. கடை போட்ட இடத்தில் எண்ணெய் கறை இருக்கும், சாக்பீஸால் வட்டம் போட்டு அந்த இடத்தை விட்டுப் பாதையை வை. சத்தே (சுட்ட இறைச்சி) குச்சி ஒன்று ஸ்பருக்கும் பினியனுக்கும் நடுவே போனால் இவர்கள் சொன்ன மெஷ் எல்லாம் அரை நொடியில் முடிந்துவிடும்.