எங்கள் வைஃபை பெயரிலேயே பூட்டு இல்லாத இன்னொரு வைஃபை வருகிறது, பாஸ்வேர்டை மாற்றினால் போதுமா?

மாடிப்படி:
பெண்கள் விடுதி ஒன்றில் நெட் வேலையை நான்தான் பார்க்கிறேன். மாடிக்கு ஒரு ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை தரும் பெட்டி), பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2. இந்த வாரம் ராத்திரியானால் எல்லோருக்கும் வைஃபை கட் ஆகிறது, அதே நேரம் எங்கள் பெயரிலேயே பூட்டுக் குறி இல்லாமல் இன்னொன்று வருகிறது, அதைத் தொட்டால் ‘ரௌட்டர் அப்டேட், வைஃபை பாஸ்வேர்டு போடவும்’ என்று ஒரு பக்கம் திறக்கிறது. சிலர் போட்டும்விட்டார்கள்.

கம்பிவலை:
இப்போதே மாற்றாதீர்கள். இன்று ராத்திரி யாராவது புதியதையும் அதே பக்கத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். முதலில் குழுவில் சொல்லிவிடுங்கள்: ரௌட்டர் எந்த அப்டேட்டுக்கும் உங்களிடம் பாஸ்வேர்டு கேட்காது.

கட் ஆவதும் அநேகமாக அந்தப் போலி வைஃபையை வைத்திருப்பவன் வேலைதான். டபிள்யூபிஏ2-வில் ‘விலகிப் போ’ என்று ரௌட்டர் அனுப்பும் செய்திக்கு வழக்கமாக எந்தச் சரிபார்ப்பும் இல்லை, ரௌட்டரின் மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்) போட்டு யார் அனுப்பினாலும் போன் நம்பி விலகிவிடும். இதை அடைக்க 2009-லேயே 802.11டபிள்யூ என்ற வைஃபை தரநிலை வந்துவிட்டது, ஆனால் நிறைய இடத்தில் அது அணைந்தே கிடக்கும். செட்டிங்கில் அது பிஎம்எஃப் என்று இருக்கும், ‘ரெக்வயர்ட்’ (கட்டாயம்) வையுங்கள். அடுத்து வந்த டபிள்யூபிஏ3 இருந்தால் இன்னும் நல்லது, அதில் இது கட்டாயம். போலி அப்போதும் வரும், ஆனால் இப்படித் துரத்திவிட்டு ஆள் பிடிக்க முடியாது. அப்புறம் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

மாடிப்படி:
வைத்தேன். வார்டன் அறை பிரிண்டர் சேரவே மாட்டேன் என்கிறது.

கம்பிவலை:
அதற்கு பிஎம்எஃப் தெரியாமல் இருக்கும். அதற்கு மட்டும் பிஎம்எஃப் கட்டாயமில்லாமல் வேறு பெயரில், வேறு பாஸ்வேர்டில் ஒன்று போட்டுக் கொடுங்கள். அதற்காக எல்லோருக்கும் தளர்த்த வேண்டாம்.

ஈசல்:
நாமும் அவனை அதே மாதிரி கட் பண்ணிவிடலாமே?

கம்பிவலை:
வேண்டாம் தம்பி. விருந்தினரின் ஹாட்ஸ்பாட்டை இப்படித் துண்டித்ததற்காக அமெரிக்காவில் மாரியட் ஹோட்டல் 2014-ல் ஆறு லட்சம் டாலர் கட்டியது. வைஃபை அனலைசர் ஆப்பில் பூட்டு இல்லாததன் மேக் முகவரியைக் குறித்துக்கொண்டு மாடி மாடியாக நடந்து பாருங்கள், சிக்னல் அளவு மைனஸ் 80 என்பது மைனஸ் 40 பக்கம் வந்தால் ஆள் அருகில்தான். ஆண்ட்ராய்டில் எண் மெதுவாகத்தான் மாறும், ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் நில்லுங்கள்.

மாடிப்படி:
சரி அண்ணா. ஏற்கெனவே அதைத் தொட்டவர்கள்?

கம்பிவலை:
அந்தப் பூட்டில்லாத பெயர் போனில் சேமிப்பாகியிருந்தால் அடுத்த முறை தானாகவே ஒட்டிக்கொள்ளும். ‘ஃபர்கெட்’ கொடுக்கச் சொல்லுங்கள்.