பிளாக் மெட்டல் ஆல்பம்: கேசட்டா, எல்பியா?

பொள்ளாச்சிக்காரன்: அண்ணா, தனியாளா பண்ணுன அட்மாஸ்பெரிக் பிளாக் மெட்டல் ஆல்பம், இருட்டும் இரைச்சலுமா மூட்டம் போட்ட மாதிரி கேக்குற மெட்டல் இசை. நாலே பாட்டு, 52 நிமிஷம். எதுல போடலாம்? அட்டைக்கு வால்பாறை கவர்க்கல் பனில மரங்களை எடுத்த போட்டோ.

ஈரோட்டான்: எல்பி இசைத்தட்டுல பக்கத்துக்கு 22 நிமிஷம் தாண்டுனா சத்தம் எறங்கீருங்க. ரெண்டு தட்டு போடோணும், செலவு தாங்காது. சி-60 கேசட்னா பக்கத்துக்கு 30 நிமிஷம், ரெண்டு ரெண்டு பாட்டா அடங்கீரும். நாடா இரைச்சலும் இதுக்கு அழகுதான்.

திருப்பூர் பிரிண்டர்: கேசட் அட்டைல அந்த மரமெல்லாம் வெறும் சாம்பல் கறைதானுங்க. அச்சுல இன்னும் இருட்டும், வெளுப்பாவே குடுங்க. லோகோ ஒரு எழுத்தும் புரியல, பிளாக் மெட்டலுக்கு அதான் வழக்கம், ரொம்பச் சரி! நார்வே ஓவியர் கிட்டெல்சன் படத்தை மட்டும் போட்டுறாதீங்க, பிளாக் மெட்டல்காரங்க எத்தனையோ பேர் போட்டாச்சு.

பொள்ளாச்சிக்காரன்: கேசட்டேங்ணா. உள்ள மடிச்ச போஸ்டர் வெச்சா படம் பெருசாத் தெரியுமில்ல?

திருப்பூர் பிரிண்டர்: தெரியும். மடிப்பு லோகோ மேல விழாம பாத்துக்குங்க.