மெக்சிகோவின் பாட்ஸ்குவாரோ கல்லறைகளுக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அக்டோபர் கடைசியில் நானும் மனைவியும் மெக்சிகோ போகிறோம். தலைநகரில் 2016இல் தொடங்கிய இறந்தோர் தின ஊர்வலம் வேடிக்கை பார்க்கத்தானே, அதில் தயக்கமில்லை. பாட்ஸ்குவாரோ ஏரிப் பக்கத்துக் கல்லறைகள்தான் யோசிக்க வைக்கின்றன. இறந்தோர் தினத்துக்காக நவம்பர் 1 இரவு அங்குள்ள புரேபெச்சா பழங்குடிக் குடும்பங்கள் சமாதி மேல் செண்டுமல்லி பரப்பி, மெழுகுவத்தி ஏற்றி, இறந்தவருக்குப் பிடித்த சாப்பாட்டை வைத்து விடியவிடிய உட்கார்ந்திருப்பார்கள். (செண்டுமல்லிக்குப் பூர்வீகமே மெக்சிகோதான்!)

எங்கள் வீட்டில் நவம்பர் 2 கல்லறைத் திருநாள். பாட்டி கல்லறை முன்னால் யாரோ வந்து மொபைலை நீட்டினால் எனக்கே கோபம் வரும். அதனால்தான் கேட்கிறேன்.

கேமராவை அறையிலேயே வைத்துவிடலாம் என்கிறாள் மனைவி. அனுமதி கேட்டு எடுத்தாலும் தப்பா? தெரியாத குடும்பத்தின் சமாதிக்குப் பூவும் மெழுகுவத்தியும் கொண்டுபோவது மரியாதையா, அதிகப்பிரசங்கித்தனமா? நான் குடிப்பதில்லை; மெஸ்கால் (அந்த ஊர் மது) நீட்டினால் மறுக்கலாமா? ஊர்வலத்தில் வருபவர்கள் போல முகத்தில் மண்டையோடு வரைந்துகொண்டு உள்ளே போக மனசு வரவில்லை, அது சரிதானே?

அப்புறம், அந்த ஏரியிலுள்ள ஹனிட்சியோ தீவில் கூட்டம் தாங்காது என்கிறார்கள். ஏரிக்கரை ஊரான ட்சின்ட்சுன்ட்சான் பரவாயில்லையா? ஸ்பானிஷில் எனக்கு 'பெர்மிசோ' (அனுமதி), 'கிராசியாஸ்' (நன்றி) இரண்டுதான் தெரியும். வேறென்ன கற்றுக்கொள்ளட்டும்?